வாசித்தவர் கையெழுத்து

ஜீரோ ஜீரோ ஜீரோ நாலு என்று கோமதிநாயகம் திருப்பிச் சொன்னார், கையிலிருந்த தாளில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு நான் சரி என்றேன், எண்டர் தட்டிய சத்தம் போனில் கேட்டது. பிறகு ரீபூட், அதையும் எழுத்தெழுத்தாக வாசித்தேன், அதையும் திருப்பிச் சொன்னார், அதற்கும் சரி என்றேன். இதோ, என் மேஜைத் திரையில் சர்வர் இருக்கிறதா என்று கேட்டுக் கேட்டு நொடிக்கு ஒரு வரியாக ஓடிக்கொண்டிருந்த பிங் நின்றுவிட்டது, பதில் இல்லை, பதில் இல்லை, பதில் இல்லை என்று வரிசையாக விழுகிறது. மணி பதினொன்று பத்து. மலைமேல் கருமேட்டுப்பாறை நிலையத்தில் இருக்கிற சர்வர் தன்னை அணைத்துக்கொண்டு மறுபடி எழுந்திருக்கப் போகிறது, அதற்கு எப்படியும் பன்னிரண்டு நிமிடம் ஆகும், அந்த ரக சர்வர்கள் கல்யாண வீட்டுப் பெரியவர்கள் மாதிரி, எழுந்து உட்காருவதற்குள்ளேயே எல்லாவற்றையும் ஒருமுறை எண்ணிப் பார்த்துவிடும். அந்தப் பன்னிரண்டு நிமிடத்துக்குள் நான் கோமதிநாயகத்திடம் சொல்லிவிட வேண்டும். ஒன்பது வருடமாகச் சொல்லாததைச் சொல்லப் பன்னிரண்டு நிமிடம் தாராளம், ஒரு நிமிடமே போதும், ஒரே வாக்கியம்தான், குளிக்கும்போதும் தோசை ஊற்றும்போதும் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்திருக்கிறேன், நாயகம், அன்றைக்கு நீங்கள் வாசிக்கவே இல்லை, நான்தான் முந்திக்கொண்டு தட்டினேன். தனியாக இருக்கும்போது என்ன அழகாக வருகிறது. இப்போது ஸ்பீக்கரில் கிடக்கிற போனில் அவர் மூச்சு விடுவது கேட்கிறது, பிலோமினா, தண்ணீர் குடி என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

தண்ணீர் குடித்தேன். பதில் இல்லை, பதில் இல்லை. இன்றைக்கு விட்டால் வேறு நாள் கிடையாது, அது நிச்சயம். அவருக்கு நாளை, முப்பதாம் தேதி, ஓய்வு, அந்த இடத்துக்கு இனி ஆள் போடுவதில்லை என்று துறை முடிவெடுத்துவிட்டது. ஐந்து அளவுகோல்களின் நீர்மட்டத்தையும் மழை அளவையும் கால் மணிக்கு ஒருதரம் சென்னைக்கு அனுப்புகிற வேலையை நாளையிலிருந்து அந்தச் சர்வர் தனியாகவே பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்காகத்தான் புது டிஸ்க், அதில் புது சிஸ்டம், அதற்காகத்தான் இன்றைய இந்த மாற்றமும். ஃபர்ம்வேருக்குள் ஒரு சின்னப் பட்டியல் இருக்கிறது, சிஸ்டம் எழுவதற்கு முன்னால் எழுகிற ஃபர்ம்வேர், முதலில் இந்த டிஸ்க்கில் போய்ப் பார், இல்லையென்றால் அந்த டிஸ்க்கில் போய்ப் பார் என்று தனக்கே எழுதி வைத்துக்கொண்டிருக்கிற பட்டியல். கறுப்புத் திரையில் ஒரு கட்டளை தட்டினால் அதைக் காட்டும், இன்னொரு கட்டளை தட்டினால் மாற்றிக்கொள்ளும், ஏன் எதற்கு என்று கேட்காது. கேட்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். சென்னையிலிருந்து நானே நேராகத் தட்டலாம்தான், ஆனால் ஃபர்ம்வேரில் கை வைக்கும்போது இயந்திரத்தின் பக்கத்தில் ஒரு ஆள் இருக்க வேண்டும் என்பது எங்கள் விதி, ஆகவே அவர் தட்டினார், நான் போனில் வாசித்தேன். ஒன்பது வருடத்துக்கு முன்னால் நான் தட்டுவேன், அவர் வாசிப்பார். இன்று தலைகீழாகியிருக்கிறது, அது அவருக்கும் தோன்றியிருக்குமா, தோன்றாமல் எப்படி இருக்கும். காலையில் போன் போட்டதும், சொல்லுங்க மேடம், நீங்க வாசிக்கீங்களா, நான் தட்டுதேன் என்றார், குரலில் ஒன்றுமே இல்லை.

வாசித்துத் தட்டுவது எங்கள் பிரிவின் வழக்கம், வேறு எந்த ஆபீசிலும் நான் பார்த்ததில்லை. யார் தொடங்கியது என்று யாருக்கும் தெரியாது, நான் வேலைக்குச் சேர்ந்தபோதே இருந்தது. சர்வரில் எதை மாற்றினாலும் இரண்டு பேர் உட்கார வேண்டும். ஒருவர் திரையில் இருப்பதையும் தாளில் இருப்பதையும் சத்தமாக வாசிப்பார், மற்றவர் தட்டுவார், வாசிப்பவர் சரி என்று சொன்ன பிறகே எண்டர். கடைசியில் பச்சை அட்டை போட்ட பதிவேட்டில் தட்டியவர், வாசித்தவர் என்று இரண்டு கட்டத்திலும் கையெழுத்து. இதில் ஒரு நுணுக்கம் உண்டு, அது வெளியாட்களுக்குப் புரியாது. தப்பு நேர்ந்தால் தட்டியவரைக் கேட்க மாட்டார்கள், வாசித்தவரைத்தான் கேட்பார்கள். தட்டுகிறவர் வெறும் கை, கண் வாசிக்கிறவருடையது, கண் சரி என்று சொன்னதால்தானே கை தட்டியது. நல்ல விதிதான், இன்றைக்கும் அதை நான் குறை சொல்ல மாட்டேன், விதி என்ன செய்யும், என்னை மாதிரி ஒருத்தி அதற்குள்ளே உட்கார்ந்துகொண்டால். எனக்கு எதையும் துடைத்து வைக்க வேண்டும், பிறந்ததிலிருந்தே அப்படி. சமையலறையில் ஒரே மாதிரி இரண்டு டப்பா இருந்தால் எனக்குத் தூக்கம் வராது, ஒன்றைக் கொட்டிக் கழுவிக் கவிழ்த்தால்தான் ஆச்சு. ஒருமுறை அப்படிக் கொட்டியது அந்த வருடத்துப் புதுப் புளி, பழையது அலமாரியிலேயே இருந்துகொண்டது, என் வீட்டுக்காரர் அதைச் சொல்லிச் சொல்லிப் பத்து வருடம் சிரித்தார். புளி விஷயத்தில் சிரிக்கலாம்.

"மெமரி எண்ணிட்டு இருக்கு மேடம்" என்றார் போனில். நான் திடுக்கிட்டு, ம், எண்ணட்டும் என்றேன். "சாப்ட்டீங்களா?" என்று கேட்டார். மணி பதினொன்றேகால், என்ன சாப்பாடு, ஆனாலும் சாப்பிட்டேன் என்றேன், நீங்க என்று கேட்டேன். "இவ இட்லி அவிச்சா. பாத்திரம்லாம் கட்டியாச்சு, அந்த ஒரு சட்டியத்தான் வெளிய வச்சிருந்தா. நாளைக்கு லாரி வருது." பின்னால் எதையோ தரையில் இழுக்கிற சத்தம், கனமான இரும்பு, தையல் மெஷினாகத்தான் இருக்கும், ஒரு பெண் குரல் கயிறு எங்கே என்று கேட்டது, அவர் போனை விட்டு முகத்தைத் திருப்பி, கதவுக்குப் பின்னால பாரு என்றார். அவர் மனைவி பேச்சியம்மாள். குவார்ட்டர்ஸ் அங்கே கண்ட்ரோல் ரூமை ஒட்டியே இருக்கிறது, நடுவில் ஒரு கதவுதான். அந்த அம்மாள் வில்லிவாக்கத்தில் பிளவுஸ் தைத்துக் கொடுக்கிற கடை வைத்திருந்தார், இரண்டு பெண்களை வேலைக்கு வைத்து நன்றாகத்தான் நடந்தது, இவருக்கு மாற்றல் வந்ததும் கடையை மூடிவிட்டு மெஷினையும் தூக்கிக்கொண்டு கூடவே மலையேறிவிட்டார். அங்கே போய் யாருக்குத் தைப்பது, யானைக்கா என்று ஆபீசில் சிரித்தார்கள், நானும் அந்த வட்டத்தில் டீ கிளாசோடு நின்றிருந்தேன், சிரித்தேனா என்று ஞாபகமில்லை, சிரித்திருப்பேன். பதில் இல்லை, பதில் இல்லை. அந்தக் குரல் அறைக்குள் நடமாடிக்கொண்டிருக்கும்போது எப்படிச் சொல்வது. அந்த அம்மாளுக்கு என்னைக் கண்டால் ஆகாது என்பது எனக்குத் தெரியும், ஆகாமல்தானே இருக்கும், புருஷனை மலைக்கு அனுப்பியவள். ஸ்பீக்கரில் போட்டிருக்கிறாரா, காதில் வைத்திருக்கிறாரா. அந்த அம்மாள் கயிறு எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போகட்டும், போனதும் சொல்லிவிடலாம். நான் எப்போதும் இப்படித்தான், யாராவது அந்தப் பக்கம் போகட்டும் என்று காத்திருந்தே ஒன்பது வருடம் போய்விட்டது.

அன்றைக்கு, எல்லா நிலையங்களின் எண்ணும் வந்து சேர்கிற சென்னைச் சர்வரின் பட்டியலில் ஆறு பதிவுகள் இருந்தன. இப்போதும் கண்ணை மூடினால் வரிசையாகத் தெரிகிறது. அதில் இரண்டுக்கு ஒரே பெயர். பழைய டிஸ்க் கெட்டுப்போய்க் கழற்றியாகிவிட்டது, ஆனால் அதன் பெயர் மட்டும் பட்டியலில் கிடந்தது, புது டிஸ்க்குக்கும் அதே பெயர். இரண்டு டப்பா. ஒன்றின் எண் ஒன்று, மற்றதன் எண் மூன்று. சின்ன எண் முதலில் வந்தது, பெரிய எண் பிறகு வந்தது, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன். ஆனால் அந்தப் பட்டியல் அப்படி எண் போடுவதில்லை. நடுவில் எது காலியோ அதைப் புதிதாக வருகிறதற்குக் கொடுத்துவிடும், பஸ்ஸில் பாதி வழியில் முன்சீட்டு காலியானால் கடைசியாக ஏறினவர் போய் உட்கார்ந்துகொள்வார் இல்லையா, அது மாதிரி. எனக்கு அது தெரியாது என்று சொன்னால் பொய், படித்திருக்கிறேன், அந்த நிமிடத்தில் ஞாபகம் வரவில்லை. ஞாபகம் வரத் தேவையே இல்லை, எல்லாவற்றுக்கும் மேலே, முதல் வரியிலேயே, நான் இப்போது இதிலிருந்துதான் ஓடிக்கொண்டிருக்கிறேன் என்று இயந்திரமே எழுதி வைத்திருந்தது, பூட் கரண்ட், ஜீரோ ஜீரோ ஜீரோ ஒன்று, அதாவது ஒன்றுதான் புது டிஸ்க். அந்த வரியைத்தான் நாயகம் முதலில் வாசிப்பார். எப்போதும் முதல் வரியிலிருந்துதான் வாசிப்பார், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி, ஒரு வரி விடாமல், எனக்கு எரிச்சலாக இருக்கும். அன்றைக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். சட்டை நுனியால் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மறுபடி துடைத்து. நான் ஒன்று என்று போட்டு, அழி என்று போட்டு, எண்டர் தட்டிவிட்டேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "வாசிக்கல்லியே மேடம்" என்றார். அது பழசுதான் நாயகம், வாசிக்க என்ன இருக்கு, கையெழுத்துப் போடுங்க என்றேன். அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பேனாவை எடுத்துப் போட்டார். அழகான கையெழுத்து, முழுப் பெயரையும் எழுதுவார், ம் மேல் புள்ளிகூட விட மாட்டார். நான் கேட்டதால் போட்டார். மேலதிகாரி கேட்டால் போடாமல் என்ன செய்வார், அவர் போட்டிருக்கக் கூடாது என்று பல நாள் நினைத்திருக்கிறேன், அப்படி நினைத்துத்தான் பல ராத்திரி தூங்கியிருக்கிறேன்.

கொடுமை என்னவென்றால் அப்போது ஒன்றும் ஆகவில்லை. பட்டியலில் பெயரை அழித்தால் ஓடிக்கொண்டிருக்கிற இயந்திரம் நிற்காது, அது பாட்டுக்கு ஓடும், அடுத்த முறை அணைந்து எழும்போதுதான் நான் எங்கே போவது என்று விழிக்கும். பத்தொன்பது நாள் ஓடியது. அந்தப் பத்தொன்பது நாளில் எந்த நாளிலாவது நான் அந்தப் பட்டியலை இன்னொருமுறை பார்த்திருக்கலாம், ஒரு கட்டளை, அரை நிமிடம். பார்க்கவில்லை, துடைத்து வைத்த அலமாரியைத் திரும்ப யார் திறந்து பார்க்கிறார்கள். இருபதாம் நாள் ஐப்பசி மழை, கரண்ட் போனது, ஜெனரேட்டர் எடுக்கவில்லை, கரண்ட் வந்தபோது சர்வர் வரவில்லை. பதினொரு நிலையங்களிலிருந்து ஐந்து மணி நேரம் ஒரு எண்கூட வரவில்லை. அதிகாரிகள் ஒவ்வொரு அணைக்கும் போன் போட்டு வாயால் கேட்டு எழுதினார்கள். வெள்ளம் ஒன்றும் வரவில்லை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஆனால் மறுநாள் பேப்பரில் வந்துவிட்டது, பேப்பரில் வந்தால் ஒரு பெயர் வேண்டும். பதிவேட்டைப் புரட்டினார்கள். தட்டியவர் பிலோமினா, வாசித்தவர் கோமதிநாயகம்.

"கார்டு எல்லாம் பாத்துட்டு மேடம். இப்ப கறுப்பா நிக்கு" என்றார். எவ்வளவு நேரமா நிக்குது என்று கேட்டேன். "ஒரு நிமிஷம் இருக்கும்." நிற்கட்டும், நிற்கும், டிஸ்க்கைத் தேடும்.  வராவிட்டால் என்ன ஆகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், ஒன்றும் ஆகாது, இன்னும் வரிசையை மாற்றவில்லை, பூட் நெக்ஸ்ட் என்கிற ஒன்றைத்தான் போட்டிருக்கிறோம், அடுத்த ஒரே ஒரு முறைக்கு மட்டும் நாலாம் எண்ணில் போய்ப் பார், சரிவராவிட்டால் மறுபடி அணைத்துப் போட்டால் பழைய வரிசைப்படியே எழுந்துவிடு என்று அர்த்தம். ஒருமுறை செய்து பார்த்துவிட்டு, சரியில்லை என்றால் செய்யாதது மாதிரியே ஆகிவிடலாம். இப்படி ஒன்று இருப்பது எனக்கு அன்றைக்கும் தெரியும். சோதனை பார்க்காமல் எதையும் அழிக்காதே என்று இப்போது புதிதாகச் சேர்கிற பிள்ளைகளுக்கு நான்தான் வகுப்பெடுக்கிறேன், ஏன் என்று கேட்டால் அனுபவம் என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவேன். விசாரணை அதிகாரி என்னிடம் இரண்டே கேள்விதான் கேட்டார். அவர் வாசித்தாரா? வாசித்தார் என்றேன். யோசித்துச் சொல்லவில்லை, கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது, அன்றைக்கு எண்டர் தட்டிய மாதிரியே. அந்த வருடம் உதவி இயக்குநர் பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் மூன்றாவதாக இருந்தது, அதை நினைத்துச் சொன்னேனா என்றால், நினைக்கவில்லை என்று சத்தியம் பண்ண முடியாது. இரண்டாவது கேள்வி, அன்று அவர் நிதானத்தில் இருந்தாரா? நாயகம் முன்னொரு காலத்தில் குடிப்பார், ஆபீசில் எல்லோருக்கும் தெரியும், விட்டு மூன்று வருடம் ஆகியிருந்தது, அதுவும் எல்லோருக்கும் தெரியும். இருந்தார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இல்லை என்று சொல்லவில்லை, அந்தப் பொய்யை நான் சொல்லவில்லை என்று எத்தனை முறை எனக்கு நானே ஆறுதல் சொல்லியிருக்கிறேன். ஒன்றும் சொல்லவில்லை, அவ்வளவுதான். மின்விசிறி சுற்றியது. அதிகாரி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, புரிகிறது என்கிற மாதிரி தலையை ஆட்டி, எதையோ எழுதினார். என்ன எழுதுகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை.

மாற்றல் உத்தரவு வந்த வாரத்தில் ஒருநாள் பேச்சியம்மாள் ஆபீசுக்கு வந்திருந்தார். லிஃப்ட் பக்கத்து பெஞ்சில் மடியில் ஒரு துணிப்பையோடு உட்கார்ந்திருந்தார், நான் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். ஐந்து மாடியும் படிக்கட்டிலேயே இறங்கிப் போனேன், முழங்கால் வலி அப்போதே உண்டு, ஒவ்வொரு படிக்கும் வலித்தது, வலிக்கட்டும் என்று இறங்கினேன். கடைசி நாள் நாயகம் வந்து பதிவேடு இருக்கிற அலமாரிச் சாவியை என் மேஜையில் வைத்துவிட்டு, வாரேன் மேடம் என்றார். அவர் திட்டியிருக்கலாம். பிறகு ஒரு தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன், கம்பி வலைக்கு அந்தப் பக்கம் இருந்த சாமியாருக்கு பூட் என்றும் பட்டியல் என்றும் விளக்குவதற்குள்ளேயே எனக்கு மூச்சு வாங்கிவிட்டது, பாவம், பொறுமையாகக் கேட்டார், கேட்டுவிட்டு, அந்த மனுஷர்கிட்ட சொன்னியாம்மா என்றார். இல்லை சாமி என்றேன். சொல்லு என்றார். ஆறு வருடம் ஆகிறது அதற்கும். ஒவ்வொரு மாதமும் நாயகத்தோடு போனில் பேசியிருக்கிறேன், பேட்டரி, ஆன்டெனா, காட்டெருமை வேலியைத் தள்ளிவிட்டது, மோடம் எரிந்துவிட்டது, எல்லாம் பேசியிருக்கிறோம். போனை வைத்ததும் இந்தத் தடவையும் சொல்லவில்லையே என்று இருக்கும், அடுத்த மாதம் ஆகட்டும் என்றும் இருக்கும். அடுத்த மாதம் இனி இல்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஐம்பத்து நாலு வயதில், ஏசி அறையில், வாசலில் பெயர்ப்பலகையோடு உட்கார்ந்துகொண்டு ஒரு போனைப் பார்த்து இப்படிப் பயப்படுகிறேனே என்று வெட்கமாக இருக்கிறது.

பதில், அறுபத்து நான்கு பைட் என்று ஒரு வரி விழுந்தது. இன்னொன்று. இன்னொன்று. "வந்துட்டு மேடம்" என்றார் அவர், அதே நேரத்தில். மணி பதினொன்று இருபத்து மூன்று. பட்டியலைக் காட்டச் சொல்லுங்க, முதல் வரியிலிருந்து வாசிங்க என்றேன். "பூட் கரண்ட், ஜீரோ ஜீரோ ஜீரோ நாலு" என்று வாசித்தார், நிறுத்தி நிறுத்தி, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. புது டிஸ்க்கில்தான் எழுந்திருக்கிறது. பிறகு வரிசையை நிரந்தரமாக மாற்றுகிற கட்டளையை வாசித்தேன், நாலு முதலில், இரண்டு பிறகு, அவர் திருப்பிச் சொன்னார், நான் தாளைப் பார்த்தேன், திரும்பவும் பார்த்தேன், சரி என்றேன். முடிந்தது. பழையதை அழிக்கணுமா மேடம் என்று கேட்டார். வேண்டாம், கிடக்கட்டும் என்றேன், என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "அப்ப பதிவேட்டுல எழுதிருதேன். தட்டியவர் நானு. வாசித்தவர் நீங்க. உங்க கையெழுத்து வாங்க ஆள் இல்ல, போன் மூலம்னு போட்டுருதேன்" என்றார். பேனா மூடியைத் திறக்கிற சத்தம் கேட்டது.

"நாயகம்" என்றேன். "அன்னைக்கு நீங்க வாசிக்கல. நான்தான் முந்தித் தட்டிட்டேன். வாசிச்சார்னு விசாரணையில சொன்னது பொய்." தோசைக்கல்லுக்கு முன்னால் ஒத்திகை பார்த்த மாதிரி இல்லை, தட்டையாக, கடிதத்தில் பொருள் வாசிக்கிற மாதிரி வந்தது. எதிர்ப்பக்கம் பேனா எழுதுவதை நிறுத்தியது. "நிதானமா இருந்தாரான்னு கேட்டாங்க. இருந்தார்னு சொல்லியிருக்கணும். நான் பேசாம இருந்துட்டேன். அதுக்குத்தான் உங்கள மலைக்கு அனுப்பினாங்க. என்னை மன்னிச்சிருங்க."

 பிங் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது, ஒழுங்காக, நொடிக்கு ஒரு வரி. "அது எனக்குத் தெரியும்லா மேடம்" என்றார். கோபமே இல்லை, கொஞ்சம் ஆச்சரியம்தான் இருந்தது. "நான் பக்கத்துலதான இருந்தேன். கண்ணாடியத் தொடச்சிட்டு இருந்தேன். எனக்குத் தெரிஞ்சத எங்கிட்டயே எதுக்குச் சொல்லுதீங்க."  ஒன்பது வருடமாகத் தூக்கிச் சுமந்ததைக் கொண்டுபோய், ஏற்கெனவே அதை வைத்திருக்கிறவர் வீட்டிலேயே இறக்கியிருக்கிறேன். அவர் தொண்டையைச் செருமினார். "சொல்லணும்னா இவகிட்டச் சொல்லுங்க. இவதான் நம்பல. ஆபீசுல குடிச்சிட்டு உக்காந்தேன்னு கடுதாசில எழுதிட்டாங்கள்லா, நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன், மேடமே இல்லன்னு சொல்லல, பெறவு என்னன்னுட்டா. அன்னைக்கு ஆபீசுக்குக்கூட வந்தா, உங்கட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுப் போலாம்னு. நீங்க இல்லன்னு திரும்பிட்டா. தனியா விட்டா குடிப்பேன்னுதான் கடைய மூடிட்டு கூட வந்தா. ஒம்பது வருஷம், சாயங்காலம் ஆனா பக்கத்துல வந்து வாய மோந்து பாப்பா. நேத்தும் பாத்தா." இதைச் சொல்லும்போதும் அவர் குரல் ஏறவில்லை, மோடம் எரிந்துபோனதைச் சொல்கிற அதே குரல். லிஃப்ட் பக்கத்து பெஞ்சும் அந்தத் துணிப்பையும் என் கண் முன்னால் வந்து நின்றன. நான் இறங்கிய ஐந்து மாடிப் படியும் நின்றது.

இதோ இங்கதான் இருக்கா, குடுக்கட்டா என்று கேட்டார். இல்லை, இப்போது வேண்டாம் என்று என் வாய் வரைக்கும் வந்துவிட்டது. குடுங்க என்றேன். "ஏ பேச்சி, இங்க வா. மெட்ராஸ்லேர்ந்து மேடம் பேசுதாக. உங்கிட்டத்தான்." இரும்பு இழுபடுகிற சத்தம் நின்றது. காலடி வந்தது, கையைப் புடவையில் துடைத்துக்கொள்கிற மாதிரி ஒரு சரசரப்பு, போன் கை மாறியது. சொல்லுங்கம்மா என்றது அந்தக் குரல், மரியாதையாக, கொஞ்சம் மூச்சிரைக்க. அந்த அம்மாளிடம் சொல்வதற்கு என்று நான் ஒரு வாக்கியம்கூடத் தயார் செய்ததில்லை. அன்னைக்கு அவர் குடிக்கலம்மா என்றேன்.

"என்னைக்கு?" என்று கேட்டார் பேச்சியம்மாள்.

நான் நாற்காலியை மேஜைக்குப் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, பட்டியலில் ஆறு பதிவு இருந்துச்சும்மா என்று முதல் வரியிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.